இரண்டரை அடிக் கை

கொம்மார் ஹெலெமான்ஸ் இருபத்திரண்டு வருடங்கள் குழந்தை மட்டுமே செய்தார்.

பார்டெலின் பட்டறையில் இப்படிச் சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. விர்ஜினல் என்னும் தந்திப்பெட்டியில் தாய் ஐந்தடிக்கு மேல் நீளம். அதன் விசைப்பலகைக்குப் பக்கத்தில் மேசை இழுப்பறை மாதிரி ஒரு பொந்து இருக்கும். அதற்குள் தள்ளி வைக்கிற இரண்டரை அடிப் பெட்டிதான் குழந்தை. விசையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரத்துண்டு துள்ளும்; அதில் செருகிய அண்டங்காக்கை இறகின் முனை தந்தியை மீட்டிவிட்டுப் போகும். இரண்டு பெட்டிக்கும் இதுதான் வேலை. குழந்தையின் குரல் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே. குழந்தையை வெளியே எடுத்துத் தாயின் தலைமேல் வைத்தால், தாயின் துள்ளுகட்டைகள் குழந்தையின் அடிப்பலகையில் உள்ள பிளவு வழியாகப் புகுந்து அதன் விசைகளையும் தூக்கும். ஒருவர் வாசிக்க இரண்டும் பாடும். அந்தப் பிளவு ஒரு நூல் தள்ளிப் போனாலும் பாட்டு சண்டையாகிவிடும். கொம்மாரின் பிளவுகள் தள்ளிப் போனதில்லை.

லியர் ஊரில் பீப்பாய் செய்கிறவரின் மூன்றாவது மகனாகப் பிறந்து, பதினாறு வயதில் ஆன்ட்வெர்ப்புக்கு வந்தவர். பார்டெலின் தகப்பனார் காலத்தில் விசைக்கட்டைகளுக்கு மாட்டெலும்புத் தகடு ஒட்டினார். குழந்தை செய்துகொண்டிருந்தவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனபோது அந்த மேசையில் இவரை உட்கார வைத்தார்கள். பிறகு எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தகப்பனார் போய் மகன் மேஸ்திரியானார். பெட்டிகளின் ஒலிப்பலகையில் பதிக்கிற, பொன்முலாம் பூசிய ஈயப்பூவில் பெயரெழுத்து மாறியது. கொம்மாரின் மேசை மாறவில்லை.

பெட்டிகளுக்குச் சட்டம் அடிக்கிற பாஸ்கியர் அவரை மருத்துவச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மருத்துவச்சி, இன்னிக்கு எத்தனை பிரசவம்?"

"ஒண்ணு."

"ஆணா பொண்ணா?"

"உன் சட்டம் கோணலா இருந்துச்சு. அதனால உன் ஜாடை."

கொம்மாருக்கும் அவர் மனைவி டிக்னாவுக்கும் பிள்ளை இல்லை. பாஸ்கியர் ஒருமுறை அதையும் இழுத்தார்: "ஊருக்கெல்லாம் தொட்டில், தன் வீட்டுக்கு மட்டும் இல்ல." கஞ்சிப் பானையோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்த டிக்னா நின்றாள். "உங்க வீட்ல ஆறு இருக்கே பாஸ்கியர், அதுல எத்தனை உங்க சட்டம்?" பட்டறை முழுக்கச் சிரித்தது. பாஸ்கியரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

இந்தத் தொழிலில் நீளங்களுக்கெல்லாம் கோல் உண்டு. தந்தி எவ்வளவு, தந்தியைத் தாங்குகிற குதிரை எங்கே, விசை எத்தனை, எல்லாம் கோலில் கீறியிருக்கும். படிக்கத் தெரியாதவனும் கோலை வைத்துப் பெட்டி செய்துவிடலாம். பருமனுக்குக் கோல் இல்லை. தாய் செய்கிற பெரிய மேசைக்காரர்களுக்கு, பருமனைக் கவ்வி அளக்க ஓர் இரும்புக் கவ்வளவி ஆணியில் தொங்கியது. கொம்மாரின் மேசைக்கு அது வந்ததே இல்லை. ஒலிப்பலகையை இழைத்துக்கொண்டே போவார். பலகைக்கு மேலே கட்டைவிரல், கீழே சுட்டுவிரல். கொஞ்சம் வளைத்துப் பார்ப்பார், விரல்முட்டியால் ஒரு தட்டு. ஏதோ ஓர் இடத்தில் கை நின்றுவிடும். ஏன் அங்கே என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இதை அறிவு என்று சொல்வதா, பழக்கம் என்று சொல்வதா என்பது ஆற அமர யோசிக்க வேண்டிய கேள்வி. கொம்மார் யோசித்ததில்லை. கை நின்றது, அவரும் நின்றார்.

ஆயிரத்து அறுநூற்று இருபத்து மூன்று, பிப்ரவரியில், தந்தி கட்டுகிற யோரிஸ் நெஞ்சுச் சளியில் இறந்தார். பட்டறைக்குப் பின்னால் கொம்மாரின் அறைக்கு அடுத்த அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். புதிய தந்திக்காரருக்கு இடம் வேண்டும். எட்டாம் நாள் யோரிஸின் மனைவி படுக்கையைச் சுருட்டினாள். பார்டெல் கெட்டவர் அல்ல. வண்டியும் அனுப்பினார், உப்பிட்ட பன்றித் தொடை ஒன்றும் கொடுத்தார். கூலியாளின் விதவைக்கு வேறு எதுவும் கிடையாது என்பது வழக்கம். மேஸ்திரியின் விதவையாயிருந்தால் கதை வேறு. கணவனின் பட்டறையை, கணவனின் எழுத்தோடு, ஆள் வைத்துச் சாகும்வரை நடத்தலாம். தொழில் சங்கத்துச் சட்டம் அவள் பக்கம்.

மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டவள் டிக்னா. அன்று மத்தியானம் பட்டாணிக் கஞ்சியை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாளைக்கு நீங்க கண்ண மூடிட்டா நான் எந்த வண்டில ஏறறது?"

"சாப்பிடும்போது பேசற பேச்சா இது?"

"வேற எப்போ பேசறது? பட்டறையில வாயத் திறக்க மாட்டீங்க. படுத்தா குறட்டை. எனக்கு முப்பத்தி மூணு. உங்களுக்கு நாப்பத்தி நாலு, அதோட இருமல் வேற."

"இருமல் மரத்தூள்ல வர்றது."

"யோரிஸும் அப்படித்தான் சொன்னாரு."

கொம்மார் ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்தார். வெகுநேரம் தோய்த்தபடியே இருந்ததால் பாதி கரைந்து போயிற்று.

"சோதனைப் பெட்டி செய்யணும்," என்றார் கடைசியில்.

"செய்யுங்க. இருபத்திரண்டு வருஷமா என்ன, ரொட்டியா சுட்டீங்க?"

ஓவியர்களும் கண்ணாடிக்காரர்களும் பெட்டிக்காரர்களும் ஒன்றாக இருந்த சங்கம் அது. மேஸ்திரி ஆக விரும்புகிறவன் சங்கத் தலைவர் ஒருவரின் வீட்டில் தனியாக உட்கார்ந்து, தன் கையால் ஒரு பெட்டி முடிக்க வேண்டும். நீளம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. ஒலி சரியாக இருக்க வேண்டும். இறகும் தந்தியும் ஒழுங்காக இருக்க வேண்டும். குறித்த நாளில் முடியாவிட்டால் தோல்வி. குழந்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. குழந்தையைத் தனியாக யாரும் வாங்கித் தாயாக வளர்க்கப்போவதில்லையே.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை, லம்பிரெக்ட் என்ற தலைவரின் வீட்டுப் பின்கட்டில் கொம்மார் தன் உளிகளை அடுக்கினார். எட்டு வாரம். லம்பிரெக்ட்டும் பெட்டி செய்கிறவர்தான். எழுபதைத் தொட்டவர், இரண்டு விரல் அசையாது. "உள்ள யாரும் வரமாட்டாங்க. கதவோட மேல்பாதி திறந்திருக்கும், காத்துக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை நன்றாகவே நடந்தது. பாப்ளர் மரத்தில் சட்டம் அடித்தார். கோலைப் பார்த்துக் கீறினார், கீறியபடி அறுத்தார். நதிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிய நாட்களில் பலகையைத் தொடாமல், வெயில் வந்த நாளில் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். இந்தப் பொறுமை எல்லாம் அவரிடம் இருந்தது. ஒலிப்பலகையை இழைத்த அன்று தட்டினார், வளைத்தார், கை நின்றது. அவரும் நின்றார்.

ஏழாவது வாரம் தந்தி கட்டி இறகு செருகி முதல்முறையாக விசையை அழுத்தினார். மேல் ஸ்தாயி துல்லியமாகப் பாடியது. நடுவிலும் குறையில்லை. இடது கை கீழே இறங்கியபோது பெட்டி குரைத்தது. தொட்டவுடன் பெரிதாக ஒரு சத்தம், அடுத்த கணம் ஒன்றும் இல்லை. இன்னொரு விசையிலும் அதே கதை. கீழ்த் தந்திகளின் குதிரைக்குப் பக்கத்தில் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தை மாதிரி அமுங்கியது.

சிலர் தவறு செய்துவிட்டு எங்கே செய்தோம் என்று தேடுவார்கள். கொம்மாருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்தரை அடிப் பெட்டிக்கு அவருடைய கை இரண்டரை அடிப் பெட்டியின் பருமனில் பலகையை இழைத்திருந்தது. அது தன் வேலையைப் பிசகில்லாமல் செய்திருந்தது என்பதுதான் இதில் விசித்திரம்.

மத்தியானம் டிக்னா ரொட்டியும் உப்பு மீனும் கொண்டுவந்து பாதிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"கைய வெட்டிக்கிட்டீங்களா?"

"பலகை மெலிசாப் போச்சு."

"மாத்துங்க."

"பிரிச்சு, புதுசா இழைச்சு, ஒட்டிக் காய வைக்க மூணு வாரம். ஒன்பது நாள்தான் இருக்கு."

அவள் கதவின் மேல் கைகளை மடித்து வைத்துக்கொண்டாள். "வெளிய தெரியுமா?"

"பார்த்தாத் தெரியாது. கீழ வாசிச்சாத் தெரியும்."

"கீழ மெதுவா வாசிக்கற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா?"

செய்ய முடியும். பெட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி; யாரும் தான் செய்ததாகச் சொல்வதில்லை. கீழ்த் தந்திகளின் இறகை மெல்லியதாகச் சீவிவிட்டால் தந்தி மெதுவாக மீட்டப்படும், குரைப்பு முனகலாகிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் பலகை அமிழ்ந்துபோகும். அது இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு. கொம்மார் மூன்று நாள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் சின்னக் கத்தியைத் தீட்டி, இறகுகளைச் சீவ ஆரம்பித்தார்.

சோதனை நாளில் லம்பிரெக்ட்டோடு ஓவியரான இன்னொரு தலைவரும் வந்திருந்தார். வழக்கத்துக்காக வந்தவர், சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். லம்பிரெக்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு, அசையாத இரண்டு விரலையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு நடனப்பாட்டை வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஓவியர் தலையாட்டினார். லம்பிரெக்ட் அதையே இன்னும் மெதுவாக வாசித்தார். பிறகு இடது கையால் ஒரே ஒரு விசையை அழுத்திப் பிடித்து, காதைச் சாய்த்து, சத்தம் போகும்வரை காத்திருந்தார். அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

எழுந்து உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்தார்.

"ஏம்ப்பா, இது எத்தனை அடி?"

"அஞ்சரை, ஐயா."

"பெட்டி அஞ்சரை. உன் கை ரெண்டரை." கையை எடுத்துக்கொண்டார். "அதுகூடப் பரவால்ல. இறகச் சீவினே பாரு. பூனையச் சாக்குல கட்டிட்டு, முயல்னு சொல்லி விக்கப் பார்க்கறே. எந்த வீட்டுக்காவது இத அனுப்பினா ரெண்டாம் வருஷம் சாக்கு கிழிஞ்சிடும்."

"தெரியும், ஐயா."

"தெரியும்னா ஏன் செஞ்சே?"

ஓவியர், "மேல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மேல இவனை விட்டா இந்த ஊர்ல ஆள் கிடையாது," என்றார் லம்பிரெக்ட் எரிச்சலோடு. "அதுக்கென்ன இப்போ? ஒரு வருஷம் ஒரு நாள் கழிச்சு வரட்டும்."

டிக்னா தெருமுனையில் நின்றிருந்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு தெரு தாண்டியபிறகு, "ஒரு வருஷம் ஒரு நாள்தானே," என்றாள். "அதுவரைக்கும் சாகாம இருங்க."

பார்டெலிடம் பெரிய மேசையில் இடம் கேட்பதுதான் கடினமாயிருந்தது. மேஸ்திரி இவரைவிடப் பதினைந்து வயது இளையவர், மரியாதையாகத்தான் பேசுவார்.

"பெரிய மேசையிலயா? நீங்களா?" பார்டெல் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். "உங்க குழந்தைக்காகத்தான் லிஸ்பன்லேருந்து எனக்கு ஆர்டர் வருது. நீங்க அங்க போய் உட்கார்ந்தா இங்க யார் செய்வா?"

"காலையில குழந்தை. மத்தியானத்துக்கு மேல பெரிய பலகை. ஒரு வருஷம் மட்டும், மேஸ்திரி."

"அதுக்கப்புறம் எனக்கே எதிர்க்கடை போடுவீங்க."

"ஆமாம்."

பார்டெலுக்கு அந்த 'ஆமாம்' பிடித்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல், நாற்பத்தி நான்கு வயதில், கொம்மார் கவ்வளவி பிடிக்கக் கற்றுக்கொண்டார். இழைப்பார், அளப்பார்; மறுபடி இழைப்பார், அளப்பார். கை நிற்கிற இடத்தில் நிற்காமல் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். பாஸ்கியர் வந்து பார்த்துவிட்டு, "மருத்துவச்சிக்குப் பார்வை மங்கிடுச்சு, கண்ணாடி வேணுமாம்," என்றார். கொம்மார் சிரித்ததோடு சரி. முதல் மூன்று பலகைகளை அடுப்புக்குப் போட்டார்கள். நான்காவது நின்றது.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, குழந்தையின் பலகையை இழைத்துக்கொண்டிருந்தவருக்குக் கை எங்கேயும் நிற்கவில்லை. இழைத்துக்கொண்டே போனது. நிறுத்திவிட்டு யோசித்தார், யோசித்ததும் இன்னும் மோசமாயிற்று. எழுந்துபோய்ப் பெரிய மேசையிலிருந்து கவ்வளவியை எடுத்துவந்து, பழைய குழந்தை ஒன்றின் பலகையை அளந்து, அதே அளவுக்கு இதை இழைத்தார். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்தப் பெட்டி முடிந்ததும் பார்டெல் வழக்கம்போல வாசித்துப் பார்த்தார். நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தார். மூடியைச் சாத்திவிட்டு, "நல்லா இருக்கு, கொம்மார்," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் தகப்பனோ மகனோ அப்படி ஒருமுறையும் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை.

கொம்மார் அதை டிக்னாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னார், கோவிலிலிருந்து திரும்பும்போது.

"என் கட்டைவிரல் போச்சு, டிக்னா."

அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இருக்கே."

"இருக்கு. முன்ன மாதிரி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"எதனால?"

"ரெண்டு வேலை ஒரே கையில ஏறல. பெரிய பலகைய விட்டாத் திரும்பி வரும்னு நினைக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனா வராது."

நதியில் மாலுமிகள் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். டிக்னா பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். அவள் எதையும் சுற்றிவளைத்துப் பேசுகிறவள் அல்ல.

"விட்டுடுங்க."

"எதை?"

"பெரிய பலகையத்தான். உங்களுக்கு இருக்கறது அந்த ஒண்ணுதானே. நான் பார்த்துக்கறேன். துணி துவைக்கத் தெரியும், மீன் அறுக்கத் தெரியும். யோரிஸ் பொண்டாட்டி செத்தா போயிட்டா?"

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். நிஜமாகச் சொல்கிறவர்களுக்குச் சொன்னதன் விலை தெரியாமல் இல்லை, டிக்னாவுக்கும் தெரிந்திருந்தது. யோரிஸின் மனைவி மீன் சந்தையில் இருந்தாள். அவள் விரல்கள் குளிரில் எப்படி ஆகியிருந்தன என்பதை இருவருமே பார்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை கொம்மார் பார்டெலிடம் போய், இனி முழு நாளும் பெரிய மேசையிலேயே உட்காருவதாகச் சொன்னார். குழந்தை மேசைக்கு மெக்கெலென் ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கவ்வளவியோடு வந்தார்.

இதைத் தியாகம் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் கொம்மார் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்குத் தன் கையின் மேல் கொஞ்சம் கோபமும் இருந்திருக்கலாம். கேட்காமல் நின்று, கேட்காமல் கைவிட்டுப் போன கை அது. எதை விட்டோம் என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை. எதற்காக விட்டோம் என்பது ஒவ்வொரு மத்தியானமும் எதிரில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றியது.

ஒரு வருடம் ஒரு நாள் கழித்து அதே பின்கட்டு, அதே எட்டு வாரம். லம்பிரெக்ட் அதே பாட்டை வாசித்தார். கீழ் விசையை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தார். இந்தமுறை கொஞ்சம் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"போதும்," என்றார்.

கொம்மார் உடனே போகவில்லை. "நல்லா இருக்கா, ஐயா?"

"நல்லா இருக்கான்னு சட்டம் கேக்கல." நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிழவர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "மேல முன்ன மாதிரி இல்ல," என்றார். "அதையும் சட்டம் கேக்கல."

கம்மார்த் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் பிடித்தார்கள். யாழ் வாசிக்கும் தேவதையின் இரண்டு பக்கமும் தன் எழுத்துகள் வருகிற மாதிரி கொம்மார் ஓர் ஈயப்பூ வார்ப்பித்தார். பூவுக்குப் பொன்முலாம் பூசியது டிக்னா. முதலாவதில் தேவதையின் மூக்கில் அதிகமாக அப்பிவிட்டாள், அதையும் அப்படியே பதித்தார்கள். பதினோரு வருடத்தில் அறுபதுக்குக் கொஞ்சம் மேல் பெட்டிகள் அங்கிருந்து வெளியே போயின. உறுதியான பெட்டிகள். ஈரத்தில் தாங்கும், பலகை அமிழாது. பள்ளிக்கூடங்களும், பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லித்தர நினைக்கிற துணி வியாபாரிகளும் வாங்கினார்கள். அதில் ஒன்றைக்கூட யாரும் தேடிக்கொண்டு வந்ததில்லை. குழந்தை அவர் செய்யவே இல்லை. கேட்டவர்களைப் பார்டெலிடம் அனுப்பினார்.

பாஸ்கியர் மட்டும் எப்போதாவது பீர் குடிக்க வருவார். ஒருநாள், "பழைய குழந்தை ஒண்ணு பழுதுக்கு வந்திருக்கு பட்டறைக்கு, உன் கையில செஞ்சது. வந்து கேளேன்," என்றார். "கேட்டு?" என்றார் கொம்மார். பாஸ்கியர் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்," என்று கோப்பையை எடுத்துக்கொண்டார்.

ஆயிரத்து அறுநூற்று முப்பத்தைந்து நவம்பரில், இருமல் காய்ச்சலாகி ஐந்தே நாளில் கொம்மார் இறந்தார். அடக்கம் முடிந்த வாரத்திலேயே சங்கத்து ஆள் வந்தார்; வழக்கமாக வருவதுதான். பட்டறையில் இரண்டு கூலியாட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, இப்போ இங்க யார் பொறுப்பு?"

"நான்தான்."

"மேஸ்திரி?"

"மேஸ்திரியோட பொண்டாட்டி. உங்க புத்தகத்துல இருக்கும், இருபத்து நாலாம் வருஷத்துப் பக்கத்தப் பாருங்க."

அவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அடுப்பில் வச்சிரம் கொதித்துக்கொண்டிருந்தது, மூத்த கூலியாள் தூரிகையைத் தோய்த்துக் கையில் எடுத்திருந்தார். டிக்னா சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒட்ட வேணாம். பலகைய உள்ள எடுத்து வைங்க."

அந்தப் பட்டறை அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் நடந்தது.